சோழகம் திறந்த கரை

வட்டக்கச்சி கடற்கரை ஊரன்று. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பிக் குடியேற்றத் திட்டத்தால் வளர்ந்த உழவர் ஊர் அது. ஆயினும், வைகாசி பிறந்ததும் அவ்வூர் வெளிகளில் எழும் காற்று கடலின் செய்தியையும் உடன் கொண்டுவருகின்றது. தென்மேற்கிலிருந்து வரும் அக்காற்றை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சோழகம் என்பர். பகல் முழுவதும் ஓயாது வீசிப் பாதைப் புழுதியைக் கிளப்பிப் பற்றைகளைப் பழுக்கவைக்கும் காற்று அது. குளத்து நீரிற் சிறுபோகம் செய்வோர் அதனை விரும்புவதில்லை; வாய்க்காலில் வரும் நீரில் ஒரு பங்கை அதுவே குடித்துவிடுகின்றது. கிழக்கே காடு கடந்து சென்றால் சாலை, மாத்தளன், முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் எனக் கரையூர்கள் வரிசையாக உள்ளன. அங்கே அதே காற்றை எதிர்பார்த்து மக்கள் வலைகளைப் பொத்திக்கொண்டிருப்பர்.

பழந்தமிழர் நாற்றிசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. ஈழத்துக் கடலோடிகள் இவற்றுட் சிலவற்றைப் போற்றி, சிலவற்றை மாற்றிக்கொண்டனர். மேற்குக் காற்று அவர்களுக்குக் கச்சான் ஆயிற்று. தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது சோழகம் ஆயிற்று. தென்றல் என்னும் மென்மையான சொல் இவ்வறண்ட காற்றுக்குப் பொருந்தாது என்பதை அங்கு ஒருநாள் நின்றவரும் ஒப்புக்கொள்வர்.

நிலத்தை வாட்டும் காற்று கடலை எவ்வாறு அமைதிப்படுத்தும்? விடை கரையின் போக்கில் உள்ளது. சுண்டிக்குளத்திலிருந்து கொக்கிளாய் வரையுள்ள கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகின்றது. கடல் அதற்கு வடகிழக்கே கிடக்கின்றது. ஆகவே சோழகம் இக்கரையை ஏறக்குறைய நேர்குறுக்காகக் கடந்து, நிலத்திலிருந்து நீருக்குள் இறங்குகின்றது. நீண்ட நீர்ப்பரப்பின்மேல் ஓடினாலன்றிக் காற்றினாற் பெருந்திரை எழாது. கரையோரத்திற் காற்றுக்கு அந்த ஓட்டம் கிடைப்பதில்லை. எனவே, பனைமரங்கள் ஒருபுறமாகச் சாய்ந்தாடும் நாளிலும் கரையடி நீர் குளம்போற் கிடக்கும். மழையின்றி ஆறுகள் வற்றிவிடுவதால் கலங்கல் நீர் கடலுக்கு வருவதில்லை. நீர் தெளிந்திருக்கும்; மீன்கூட்டம் வந்தாற் கரையில் நிற்பவன் கண்ணுக்கே தெரியும்.

இதே மாதங்களில் இலங்கையின் மேற்குக் கரையில் நிலைமை நேர்மாறானது. இந்து சமுத்திரத்தின் முழு அகலத்தையும் கடந்துவரும் காற்று நீர்கொழும்பு, சிலாபம் முதலிய கரைகளில் திரையை மலைபோல் எழுப்பும். அங்கே வைகாசி முதற் புரட்டாதி வரை வள்ளம் தள்ளுவது உயிரோடு விளையாடுவதாகும். மார்கழியில் வாடை எழும்போது முல்லைத்தீவுக் கரை கொந்தளிக்க, மேற்குக் கரை அடங்கும். ஒரே தீவின் இரு கரைகள் முறைவைத்துக் கதவு திறக்கின்றன. இக்கரையின் மக்கள் வரவும் போக்கும், உறவும் பகையும் பெரும்பாலும் இந்த முறைமாற்றத்தின் வழியே நடந்தன.

சோழகத்தின் அமைதியை முழுவதும் நம்பிவிடலாகாது. அது கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று. கட்டுமரத்திலோ சிறு தோணியிலோ சற்றுத் தொலைவு சென்றவன் துடுப்பை இழந்தாலும், பாய் கிழிந்தாலும், அவனைக் கரைக்குத் திருப்பிக் கொணர எந்தத் திரையும் வாராது. வாடைக்காலத்துக் கடல் மனிதனைக் கரையில் அடித்துக் கொல்லும். சோழகக் கடல் ஓசையின்றி இழுத்துச் செல்லும். அதனாலேயே மூத்த மீனவர் விடியற்கு முன் சென்று, வெயில் ஏறிக் காற்று உரப்பதற்குமுன் திரும்பிவிடுவதை வழக்கமாக்கினர். இயந்திரப் படகு வந்தபின் இவ்வச்சம் குறைந்ததேயன்றி மறையவில்லை.

முல்லைத்தீவின் அரசியல் வரலாற்றிலேயே இக்காற்றின் தடத்தைக் காணலாம். ஒல்லாந்தர் அமைத்த அவ்வூர்க் கோட்டை 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1803 ஆகஸ்ட் 25 ஆந் திகதி பண்டாரவன்னியன் அதனைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க்கின் சிறுபடை படகுகளில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியது. ஆகஸ்ட் மாத இறுதி ஆவணி. சோழகம் நிலைத்து வீசும் காலம். கரையடிக் கடல் அடங்கியிருக்கும் பருவம். அதே தாக்குதல் மார்கழியில் நிகழ்ந்திருந்தால், அலை உடையும் அந்தத் திறந்த கரையிலிருந்து படகுகளைத் தள்ளியிருத்தல் எளிதன்று. படையின் முடிவும் வேறாகியிருக்கக்கூடும். டிறிபேர்க் மீண்டும் வந்தது தரைவழியாக. 1803 ஒக்டோபர் 31 ஆந் திகதி கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டான் என்று அங்கே நாட்டப்பட்ட கல்லொன்று கூறியது. வரலாற்று நூல்கள் வீரத்தையும் துப்பாக்கியையும் எழுதும். காற்றை எழுதுவது அரிது.

இக்கரையின் கோடைத்தொழில் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது கரைவலை. பெயரே அதன் இயல்பைச் சொல்லும். ஆழ்கடலுக்குச் செல்லாது, கரையில் நின்றே இழுக்கும் வலை அது. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் நிற்போரிடம் கொடுத்துவிட்டு, வலையேற்றிய வள்ளம் கடலுக்குட் செல்லும். கயிறு முடிந்த இடத்தில் வலையை அரைவட்டமாக இறக்கி, மறு கயிற்றுடன் சற்றுத் தள்ளிய இடத்திற் கரை சேரும். பின்னர் இரு கயிற்றிலும் இரு வரிசை மனிதர் நின்று, பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பர். வலையின் இரு கைகளும் அகன்ற கண்ணுடையவை. முற்காலத்தில் தென்னந்தும்புக் கயிற்றாற் பின்னப்பட்டவை. நடுவிலுள்ள மடி மட்டும் நெருங்கிய கண்ணுடையது. அகன்ற கண் வழியே மீன் தப்பலாமே என்று புதியவர் கேட்பர். தப்புவதில்லை. அசையும் கயிற்றின் நிழலுக்கும் ஓசைக்கும் அஞ்சிய மீன் தானாகவே நடுவை நோக்கி ஓடி மடியில் விழுகின்றது. மீனின் அச்சத்தையே வேலியாக்கிய அறிவு இது.

வலையும் வள்ளமும் உடையவர் சம்மாட்டி. வலை எங்கே, எப்போது இறங்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் மண்டாடி. அவர் பெரும்பாலும் கிழவராகவே இருப்பார். மணல்மேட்டில் நின்று நீரின் நிறத்தை நோக்குவார். சூடைக்கூட்டம் வந்தால் நீரில் ஒரு கருமை படரும். நெத்தலி வந்தால் மேற்பரப்பில் மழைத்துளி விழுவதுபோற் சிலிர்ப்புத் தோன்றும். பாரை துரத்தினாற் சிறுமீன் வெள்ளிபோற் சிதறித் துள்ளும். கடற்பறவைகள் எங்கே தாழ்கின்றன என்பதும் அவர் கணக்கில் உண்டு. அவர் கையசைத்த பின்னரே வள்ளம் நகரும். கணக்குத் தவறினால் முப்பது நாற்பது பேரின் ஒருவேளை உழைப்பு வெறும் பாசியும் சொறியுமாகக் கரையேறும். அவரை அன்று யாரும் ஏசமாட்டார்கள். ஆனால் அன்று மாலை வாடியில் அவருடன் பேசவும் மாட்டார்கள்.

இழுக்கும்போது பாடப்படுவது அம்பா. முன்னவன் ஓரடி சொல்ல மற்றையோர் வாங்கிச் சொல்வர். பாட்டு இன்பத்துக்கு மட்டுமன்று. எல்லாக் கால்களும் ஒரே வேளையிற் பின்வாங்க அதுவே தாளம். சிங்கள மீனவரும் தங்கள் வலையிழுப்புப் பாட்டை அம்பா என்றே அழைக்கின்றனர். வாடி என்ற சொல்லும் இரு மொழிக்கும் பொதுவாக உள்ளது. அகராதிக்காரர் எவரும் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடன்று அது. ஒரே கரையில் ஒரே கயிற்றைப் பிடித்தோர் வாயில் நேர்ந்தது.

பனிக்கட்டியும் நல்ல வீதியும் இல்லாத காலத்தில் கரைவலைக் கோடைக்கு மற்றொரு பொருத்தமும் இருந்தது. ஒரு நல்ல பாட்டில் விழும் மீன் அன்றே உண்டு முடிக்கத் தக்கதன்று. சூடை, கீரி, நெத்தலி, காரல் என மலைபோற் குவியும் மீனை வெட்டி, உப்பிட்டு, வெயிலிற் காயப்போட வேண்டும். சோழகமோ உலர்ந்த காற்று; வானமோ முகிலற்றது. கடல் மீனைத் தரும் மாதமே கருவாட்டுக்கு உகந்த மாதமாகவும் அமைந்தது. மாரியிற் கடல் அடங்கியிருந்தாலும் அம்மீனைக் காயவைக்க வழியிராது. கரையோரத்துப் பெண்களின் உழைப்பு பெரிதும் இங்கேதான். உப்புநீரில் வெடித்த கைகளுடன், காகத்தையும் நாயையும் கலைத்துக்கொண்டு, பாயிற் புரட்டிப் புரட்டிக் காயவைத்தவர்கள் அவர்கள். அந்தக் கருவாடு மாட்டுவண்டிகளில் உள்ளூர்களுக்குச் சென்றது. மாரி முழுவதும் வயலில் நிற்கும் உழவன் வீட்டு அடுக்களையில், முந்திய ஆவணியின் கடல் பனையோலைப் பெட்டியில் இருந்தது.

இம்மாதங்களில் வன்னியின் களப்புகளுக்கு வேறொரு கதை. மழையின்மையால் நாயாறு, நந்திக்கடல் ஆகியவற்றின் வாயை மணல் அடைத்துவிடும். களப்பு கடலைத் தொடும் இவ்விடத்தைத் தொடுவாய் என்பர். கொக்குத்தொடுவாய் என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் நிலைத்து நிற்கின்றது. வாய் அடைபட்டபின் களப்பு நீர் வெயிலிற் சுருங்கும், உப்பு ஏறும். வீச்சுவலையும் கரப்பும் கொண்டு முழங்கால் நீரில் நின்று பிடிப்போர் தொழில் அப்போது நடக்கும். கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து சுண்டிக்குளக் களப்பை அடைகின்றது. வட்டக்கச்சி வயல்களுக்கு நீர் தரும் ஆறும், அக்களப்பிற் பிறக்கும் இறாலுக்கு நன்னீர் தரும் ஆறும் ஒன்றே. மாரியிற் குளத்தின் கதவு திறந்தால் அதன் விளைவைக் களப்பில் நிற்பவன் உணர்வான்.

வைகாசியில் இக்கரை தொழிலுக்கு மட்டும் திறப்பதில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் அம்மாதத்திலேயே நிகழ்கின்றது. பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துச் சென்று, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கேற்றுவர். மதுரையை எரித்த கண்ணகி முதியவள் வடிவில் நந்திக்கடலோரம் வந்து, எண்ணெய் இல்லை என்ற சிறுவரிடம் கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாள் என்பது ஐதிகம். தலையிற் குடத்துடன் கடலில் இறங்கி நீர் மொள்ளுவதற்கு அலை அடங்கிய கடல் வேண்டும். மார்கழியில் அக்கரையில் இச்சடங்கு அமைந்திருப்பது கடினம்.

இனி, வந்துபோனோர் பற்றிக் கூறவேண்டும். நிலையாகக் கரையில் வாழ்ந்தோருடன், கோடைதோறும் வெளியூர்களிலிருந்தும் மீனவர் வந்தனர். வடமராட்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்தின் பிற கரைகளிலிருந்தும் வந்தோர் ஒருசாரார். நீர்கொழும்பு, சிலாபம் பக்கங்களிலிருந்து, தம் கரையிற் கடல் மூடியதும், கொக்கிளாய்க்கும் நாயாற்றுக்கும் வந்தோர் மற்றொருசாரார். இவர்களிற் பலர் கத்தோலிக்கர். சிங்களமும் தமிழும் இரண்டும் பேசக்கூடியோரும் அவர்களிடையே இருந்தனர். கரையில் ஓலைவாடி கட்டி, குடும்பத்துடனோ தனியாகவோ தங்கி, வாடை தொடங்குமுன் புறப்பட்டுவிடுவர். வாடி என்பது ஊருமன்று, முகாமுமன்று. ஒவ்வோர் ஆண்டும் பிறந்து ஒவ்வோர் ஆண்டும் கலையும் குடியிருப்பு அது.

இத்தனை பேர் ஒரே மணலில் நிற்கும்போது எழும் கேள்வி, யார் முதலில் வலை இறக்குவது என்பது. கரைவலைக்கு எல்லாக் கரையும் உதவாது. அடியிற் கல்லோ பவளப்பாறையோ இருந்தால் வலை கிழிந்துவிடும். மணற்பாங்கான தூய அடித்தளம் உள்ள துண்டுகளே உதவும். அத்துண்டைப் பாடு என்பர். வலைகள் பல, பாடுகள் சில. ஆதலால் முறைவைத்து இறக்குவது மரபாயிற்று. இன்று உன் வலை முதல் என்றால் நாளை அடுத்தவர் வலை முதல். விடியற்பாட்டுக்குக் கிடைக்கும் மீன் உச்சிவேளைப் பாட்டுக்குக் கிடைக்காது என்பதால் இம்முறையை மீறுதல் திருட்டுக்கு ஒப்பானதாகக் கருதப்பட்டது. ஊரவருக்கு எத்தனை முறை, வருவோருக்கு எத்தனை முறை என்பது எக்காலத்தும் எளிதிற் தீர்ந்த வழக்கன்று. 1940 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டமும், 1941 இல் ஏற்பட்ட திணைக்களமும் இவ்வழக்குகளைப் பதிவேட்டுக்கும் அனுமதிப் பத்திரத்துக்கும் கொண்டுவந்தன. அதனால் ஒழுங்கு சிறிது கூடியது. ஆனால் முன்பு மணலில் நின்று பேசித் தீர்த்த பிணக்கு, பின்பு அலுவலக மேசையிற் காத்திருக்கும் பிணக்காயிற்று.

1950 களின் பிற்பகுதியிலும் 1960 களிலும் நைலோன் வலை பரவியது. பட்டைச் சாயத்தில் அவித்துக் காயவைத்துப் பேணவேண்டிய பருத்தி வலையின் காலம் முடிந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடிநார்ப் படகும் தொடர்ந்து வந்தது. இளைஞர் கரைவலைக் கயிற்றை விட்டுப் படகேறினர். நாற்பது பேர் இழுத்துப் பகிர்ந்ததைவிட மூவர் சென்று பெறும் பங்கு பெரிதாகத் தோன்றியது. ஆயினும் கரைவலை அழியவில்லை. படகில்லாதவனுக்கும், வயது முதிர்ந்தவனுக்கும், அன்று காலை வேலை தேடி வந்தவனுக்கும் கயிற்றில் ஓர் இடம் கிடைக்கும் தொழில் அது ஒன்றே.

கரையை மூடியது கடலன்று. 1984 இன் இறுதியிற் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் வாடிகளில் இருந்த சிங்கள மீனவர் தாக்கிக் கொல்லப்பட்டனர். அதனை அடுத்து அதே டிசெம்பர் மாதத்திற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் முதலிய ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள்ளும் உயிரிழந்தோர் உளர். தலைமுறைகளாகச் சோழகத்துடன் வந்து சோழகத்துடன் போன உறவு சில நாட்களில் முறிந்தது. பின்வந்த போர்க்காலத்தில் மீன்பிடித் தடைகள் நீண்டன. கடல் அடங்கிக் கிடக்கும். மீன் கரையடிக்கு வரும். வலை மட்டும் இறங்காது. அக்காலத்துக் கோடைகள் பல அவ்வாறு கழிந்தன.

2004 டிசெம்பர் 26 ஆந் திகதி காலை ஆழிப்பேரலை இக்கரையைத் துடைத்துச் சென்றது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வள்ளமும் வலையும் மட்டுமல்ல, எந்தக் கரையில் எந்தப் பாடு நல்லது என்று அறிந்திருந்த மண்டாடிகளும் அதனுடன் போயினர். ஐந்தாண்டு கழியுமுன், 2009 இன் முதல் ஐந்து மாதங்களில், நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடையேயுள்ள மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணற்பட்டி போரின் இறுதிக் களமாயிற்று. கருவாடு காய்ந்த மணலில் இலட்சக்கணக்கான மக்கள் பதுங்குகுழி வெட்டி இருந்தனர். போர் முடிந்தது மே மாதத்தில். அது வைகாசி, சோழகம் எழும் மாதம்.

மீளக்குடியேற்றம் படிப்படியாக நடந்தது. கொக்கிளாய்ப் பக்கத்து மக்கள் ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்து தம் ஊரை மீண்டும் கண்டனர். கண்டபோது கரை வெறுமையாக இருக்கவில்லை. பருவத்துக்கு வந்தோரிற் சிலர் நிலையாகத் தங்கியிருந்தனர். பாடுகள் பிறர் பெயரில் இருந்தன. பழைய உரிமைக்கு ஆதாரம் காட்டுக என்றால், ஓடிவந்தவரிடம் ஏது பத்திரம்? எந்தப் பனைக்கு நேரே தம் தந்தையின் பாடு இருந்தது என்பதையே பலர் சொல்லமுடிந்தது; பனையும் பல இடங்களில் நிற்கவில்லை. பருவமீனவரையும் எளிதாகக் குறைகூறிவிட முடியாது. கோடையில் தம் கரை மூடியபோது செல்ல வேறிடமற்றவர்கள் அவர்கள். எனினும் விருந்தாளி எத்தனை முறை, வீட்டுக்காரன் எத்தனை முறை என்னும் பழைய கணக்கை எழுதுபவன் வீட்டுக்காரனும் உடனிருக்க எழுதினாலன்றி அது நியாயமான கணக்காகாது.

இதனிடையே கயிற்றை மனிதர் இழுப்பதற்குப் பதிலாக, உழவு இயந்திரத்திற் சுருளை பூட்டி இழுக்கும் வழக்கமும் வந்தது. சம்மாட்டிக்கு ஆட்கூலி மிச்சம். வலையை ஒரே நாளிற் பன்முறை இழுக்கலாம். எதிர்ப்போர் கூறுவது வேறு: பாரமான வலையை விசையுடன் இழுப்பதால் அடித்தளம் கிழிகின்றது, குஞ்சுமீன் தப்ப வழியின்றி நசிகின்றது, நாற்பது குடும்பத்தின் சோறு ஓர் இயந்திரத்தின் வாயிற் போகின்றது. இவற்றுட் கடைசிக் குறை கணக்கிட எளிது. அம்பாவும் அவ்வியந்திரத்துடன் ஓய்ந்தது. சுருளைக்குத் தாளம் வேண்டியதில்லை.

வெளிக்கடலில் இழுவைப்படகுகளின் தொல்லை தனி. அடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையிற் தடைசெய்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரில் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. ஆகையால் சித்திரையின் தொடக்கம் முதல் வைகாசி இறுதி வரை இக்கடலுக்குச் சற்று மூச்சு விடக் கிடைக்கின்றது. சூடையும் கீரியும் கரையடிக்கு நெருங்கும் வேளை அது. தடை முடியும் நாளைக் கரையிலுள்ளோர் நாட்காட்டி பாராமலே அறிவர். இரவிலே தொடுவானில் விளக்குகள் மீண்டும் தோன்றும்.

புரட்டாதி நடுவிற் சோழகம் தளரத் தொடங்கும். காற்று ஒருநாள் நிற்கும்; மறுநாள் கச்சானாகச் சிறிது வீசும்; பின் கொண்டல் வந்து பார்த்துப் போகும். கரையடி நீரிற் கலங்கல் தோன்றும். மண்டாடி மணல்மேட்டில் அதிக நேரம் நிற்பதில்லை. வலையைக் கழுவி, மடியைத் தனியே அவிழ்த்து, தும்புக்கயிற்றைச் சுருட்டி மேட்டுக்கு ஏற்றுவர். வள்ளத்தைத் தாழையோரம் கவிழ்த்து ஓலையால் மூடுவர். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்ததும் வட்டுவாகலில் நீர் ஏறும். வயல்கள் மூழ்காதபடி மணற்றிட்டை வெட்டிவிட ஊரவர் மண்வெட்டியுடன் கூடுவர். அன்று வட்டக்கச்சியிற் காலபோகத்துக்கு ஏர் பூட்டியிருப்பர்.